ஹெச்.எம். அறையில் நிரப்பிய கேள்வித்தாள்கள்: கல்வித் தலைமையில் மேற்படிப்பு, அனுபவப் பகிர்வு

கரும்பலகை

கல்வி நிர்வாகம், கல்வித் தலைமை என்று மேற்படிப்பில் இறங்கியவர்கள், முடித்தவர்கள், பாதியில் விட்டவர்கள் எல்லாரும் எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியை நான். பாடம் வரலாறு. 2016இல் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். தலைமையாசிரியர்களின் தலைமைப் பண்பும் பள்ளிச் சூழலும் என்பது தலைப்பு. ஆசிரியர் அறையில் எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இன்சென்டிவ் உண்டா?" அப்போது உண்டு என்று சொன்னேன். நான் அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தபோது, 2020 மார்ச்சில் வந்த அரசாணையோடு உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வே நின்றுபோனது. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டில் பேச்சு மட்டும் குறைவாக இருந்தது.

பதவி உயர்வுக்காவது உதவுமா என்றால் அதுவும் இல்லை. நம் ஊரில் ஹெச்.எம். பதவி பணிமூப்புப் பேனல்படி வரும். தலைமை பற்றி ஐந்து அத்தியாயம் எழுதியவருக்கும் ஒரு வரிகூடப் படிக்காதவருக்கும் பேனலில் வரிசை எண் மாறாது. அப்புறம் ஏன் படித்தேன்? பதினாறு வருடத்தில் ஆறு ஹெச்.எம்.களிடம் வேலை பார்த்தேன். அதே ஆசிரியர்கள், அதே பிள்ளைகள், அதே ஒழுகும் கட்டடம். ஆனால் ஆள் மாறும்போதெல்லாம் பள்ளி வேறு பள்ளியாக மாறியது. அது எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

படித்ததில் பிடித்தது ஹால்பின், கிராஃப்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்த வேலை. அமெரிக்காவில் 71 தொடக்கப் பள்ளிகளின் ஆசிரியர்களிடம் கேள்வி கேட்டு, ஒரு பள்ளியின் 'காற்று' திறந்ததா மூடியதா என்று 1963இல் வகைப்படுத்திக் காட்டினார்கள். பர்ன்ஸ் என்ற அரசியல் அறிஞர் 1978இல் அரசியல் தலைவர்களைப் பற்றிச் சொன்னதை பெர்னார்ட் பாஸ் 1985இல் நிறுவனங்களுக்குக் கொண்டுவந்தார். வேலைக்குக் கூலி, தவறுக்குத் தண்டனை என்று நடத்துபவர் ஒரு வகை, கூட இருப்பவர்களையே மாற்றிவிடுபவர் இன்னொரு வகை. வாசிக்கும்போது என் ஆறு ஹெச்.எம்.களையும் வரிசையாக நிற்கவைத்துப் பார்த்துக்கொண்டே வாசித்தேன்.

சிக்கல் களத்தில் வந்தது. முதன்மைக் கல்வி அலுவலரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போனேன். எல்லா இடத்திலும் ஒரே வரவேற்பு. ஹெச்.எம். டீ வாங்கி வரச் சொல்வார். கேள்வித்தாள் கட்டை வாங்கி அலுவலக உதவியாளரிடம் கொடுத்து, "ஸ்டாஃப் எல்லாரையும் இங்க வந்து ஃபில்லப் பண்ணச் சொல்லு" என்பார். ஆசிரியர்கள் வருவார்கள். அவருடைய மேசையைச் சுற்றி நின்றபடியே அவரைப் பற்றிய நாற்பது கேள்விகளுக்கும் டிக் அடிப்பார்கள். 'தலைமையாசிரியர் மாற்றுக் கருத்தை வரவேற்கிறார்': எப்போதும். 'ஆசிரியரின் குறையைத் தனியே அழைத்துச் சொல்கிறார்': எப்போதும். ஒரு பள்ளியில் பன்னிரண்டு தாளும் ஒரே பச்சை மையில் இருந்தன. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றிப் பார்த்தால் சராசரி உச்சியில் நிற்கிறது, திட்ட விலக்கம், அதாவது பதிலுக்குப் பதில் வேறுபாடு, இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது. இந்த மாவட்டத்தில் குறையுள்ள தலைமையாசிரியர் ஒருவர்கூட இல்லை என்று முடிவு எழுதி, பட்டம் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

ஏழாவதோ எட்டாவதோ பள்ளி. சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறேன். அந்தப் பள்ளி ஆசிரியை ஒருவர் வேர்க்க வேர்க்க ஓடி வந்தார். "டீச்சர், நான் எழுதுன தாளக் கிழிச்சுப் போட்டுட்டு வேற ஒண்ணு குடுங்க. அது அவர் ரூம்ல வச்சு எழுதுனது." கொடுத்தேன். கைப்பையை மடியில் வைத்து அதன்மேல் தாளை வைத்து எழுதினார். அவருடைய பேருந்து வந்து போனது, எழுந்திருக்கவில்லை. முதல் தாளில் நாற்பதுக்கு முப்பத்தெட்டு 'எப்போதும்'. இரண்டாவதில் ஒன்பது.

இரண்டையும் என் நெறியாளர் முன் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த ஒண்ண மட்டும் மாத்தினா அது மோசடி. ஒண்ணு எல்லாத்தையும் இப்படியே வச்சுக்கோ, இல்ல எல்லாத்தையும் திரும்ப எடு" என்றார். திரும்ப எடுத்தேன். ஒவ்வொரு தாளோடும் என் வீட்டு முகவரி எழுதி ஐந்து ரூபாய் அஞ்சல்தலை ஒட்டிய உறை. முதலில் கையில் வாங்கியதில் பாதிகூடத் திரும்பி வரவில்லை, ஒரு வருடமும் போனது. ஆனால் வந்த தாள்களில் மனிதர்கள் இருந்தார்கள்.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

பேனல் நம்பர் 214

ஆய்வேடு எழுதுவது எப்படி என்று எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். டி.சி. (ஆய்வை மேற்பார்க்கும் குழு) மீட்டிங்குக்கு என்ன டிபன், பொது வாய்மொழித் தேர்வு முடிந்ததும் பிரியாணி எத்தனை பேருக்கு, தேர்வாளர் காரில் வருவாரா ரயிலில் வருவாரா, இதற்கெல்லாம் ஒரு அத்தியாயம் எந்த வழிகாட்டியிலும் இல்லை. என் செலவுக் கணக்கில் புத்தகத்தைவிட முந்திரிப் பருப்பு அதிகம். தலைமைப் பண்பு என்றால் என்ன என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன், பெயர் வேண்டாம்.

ஈழத்து வாத்தியார்

கரும்பலகை, ஒரு சொல்லில் எனக்குச் சந்தேகம். உங்கள் பக்கம் 'தலைமைப் பண்பு' என்கிறீர்கள். இலங்கையில் நாங்கள் 'தலைமைத்துவம்' என்போம். பண்பு என்று எழுதிவிட்டால் அது ஒரு ஆளின் நற்குணமாகிவிடுகிறதே. உங்கள் அதிபருக்குப் பண்பு இருக்கிறதா என்று கேட்டால் எந்த ஆசிரியர்தான் இல்லை என்று எழுதுவார்? அவர் என்ன செய்கிறார் என்று கேட்டால்தான் வாயைத் திறப்பார்கள்.

(அதிபர் என்றால் இங்கே பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். இதை ஒருமுறை தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் சொல்லப்போக, நான் ஏதோ குடியரசுத் தலைவரோடு தேநீர் குடித்ததாக நினைத்துக்கொண்டார்.)

நான் கல்வி முகாமைத்துவத்தில் பட்டப்பின் படிப்பு செய்தபோது கடமை நிறைவேற்று அதிபராக இருந்தேன். அதிபர் சேவையில் இல்லாமலே அதிபர் வேலை பார்க்கிற ஆள். வகுப்பில் பக்கத்துக் கதிரையில் அதிபர் சேவைப் பரீட்சை சித்தியடைந்து வந்தவர். அவருக்குப் பதவி இருந்தது, அனுபவம் இல்லை. எனக்கு மறுபுறம். ஆளணி முகாமைத்துவம் பற்றி விரிவுரையாளர் சொல்லும்போதெல்லாம் அவர் குறிப்பெடுப்பார், நான் மனதுக்குள் விவாதிப்பேன். இரண்டாவது தவணையில் தாள்களை மாற்றிக்கொள்ளத் தொடங்கினோம். அவருடைய குறிப்பு எனக்கு, என்னுடைய லொக்புத்தகக் (பள்ளிக் குறிப்பேடு) கதைகள் அவருக்கு. அந்தப் படிப்பில் உருப்படியாக நடந்தது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

செம்பனை

மலேசியாவில் இருந்து. இங்கே கதை தலைகீழ். தமிழ்ப்பள்ளியோ மலாய்ப் பள்ளியோ, தலைமையாசிரியர் ஆக வேண்டுமென்றால் என்.பி.கியூ.இ.எல். என்ற பள்ளித் தலைமைத் தகுதி வேண்டும் என்று 2014இலிருந்து வைத்துவிட்டார்கள். அதை நடத்துவது கல்வி அமைச்சின் அமினுடின் பாக்கி கழகம். எனக்குப் பயிற்சி கெந்திங் மலையில் இருக்கும் அதன் வளாகத்தில். முதல் நாள் பனியில் பக்கத்துக் கட்டடம் தெரியவில்லை. ஸ்வெட்டர் கொண்டுபோகாத ஒரே ஆள் நான்.

படிப்பு நல்ல படிப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயிற்சிக்குத் தந்த பள்ளி எல்லாம் ஆயிரம் மாணவர், மூன்று துணைத் தலைமையாசிரியர், பெரிய அலுவலகம் என்றிருக்கும். என் பள்ளியில் மொத்தம் முப்பத்தொன்பது பிள்ளைகள். இந்த நாட்டுக் கணக்கில் 150க்குக் கீழே இருந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி. தோட்டத்தில் ஆள் போய்விட்டார்கள், பள்ளி மட்டும் நிற்கிறது. 'பணிகளைப் பகிர்ந்தளித்தல்' என்ற தலைப்பில் மலாயில் பத்துப் பக்கம் எழுதச் சொன்னார்கள். யாருக்குப் பகிர்வது? புறப்பாடத்துக்கும் மாணவர் நலத்துக்கும் நூலகத்துக்கும் ஒரே ஆசிரியை. அவர் பிள்ளைப்பேறு விடுப்பில் இருந்தார்.

கடைசியில் எங்கள் மேலாளர் வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், பக்கத்துக் கோயில் நிர்வாகம் மூன்றையும் வைத்து எழுதினேன். பள்ளி வேன் ஓட்டுநரின் பெயரும் வந்தது, எந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று எனக்கு முன்னால் அவருக்குத்தான் தெரியும். விரிவுரையாளர் கூப்பிட்டு, பகிர்ந்த தலைமை என்று புத்தகத்தில் இருப்பதை நீங்கள் வேறு வழியில்லாமல் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று சிரித்தார். பாராட்டா என்று இன்னும் தெரியவில்லை.

வடை மாலை

நான் சேரலாம் என்று பார்க்கிறேன், தமிழ்நாடு. எம்.ஃபில். பண்ணிவிட்டு போகலாமா? ஆன்லைனில் ஒரு வருடத்தில் முனைவர் பட்டம் என்று போன் மேல் போன் வருகிறதே, அது சரியா?

கரும்பலகை

வடை மாலை, அந்த நம்பரை பிளாக் செய்துவிடுங்கள். தொலைநிலையிலோ ஆன்லைனிலோ முனைவர் பட்டத்துக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இல்லை. எம்.ஃபில். கதையும் 2022 நவம்பர் விதிமுறையோடு முடிந்தது. அதே விதிமுறைப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகம் ஆறு. பெண்களுக்கு இரண்டு வருடம் கூடுதல் சலுகை உண்டு. பகுதிநேரம் என்றால் துறையின் தடையில்லாச் சான்று கட்டாயம். அந்தத் தாளுக்கு அலைவதற்கே ஒரு கோடை விடுமுறையை ஒதுக்கிவையுங்கள்.

பட்டம் முக்கியமில்லை, பள்ளி நடத்தக் கற்க வேண்டும் என்றால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கல்வி மேலாண்மைக்கு முதுநிலை டிப்ளமோ இருக்கிறது. டெல்லியில் இருக்கும் நீபா என்ற தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனமும் டிப்ளமோ நடத்துகிறது, அங்கே பள்ளித் தலைமைக்கென்றே தனி மையமும் உண்டு.

பனிக்கட்டி

நியூ ஜெர்சியில் ஒரு அரசுப் பள்ளியில் துணை முதல்வர். முதல்வர் சான்றிதழுக்கே முதுகலைப் பட்டம், தேர்வு, 300 மணி நேரப் பயிற்சி என்று இங்கே கேட்பார்கள். அதை முடித்துவிட்டு சும்மா இருக்காமல் எட்.டி. சேர்ந்தேன். பிஎச்.டி. இல்லை, கல்வியில் முனைவர். ஹார்வர்ட் 1921இல் முதலில் கொடுத்த பட்டம். இது வேலையில் இருப்பவர்களுக்கானது என்று பெயர். சனிக்கிழமை வகுப்பு, ஒரே குழுவாகச் சேர்ந்து ஒரே குழுவாகப் போக வேண்டும், உங்கள் பள்ளியில் இருக்கும் ஒரு பிரச்சினையையே ஆய்வேடாக எழுதலாம்.

நான் எழுத நினைத்த பிரச்சினை, புது ஆசிரியர்கள் ஏன் எங்கள் பள்ளியில் தங்குவதில்லை என்பது. அவர்களை நேர்காணல் செய்யத் திட்டம் போட்டு ஐ.ஆர்.பி.க்கு அனுப்பினேன். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு முன்அனுமதி தரும் குழு அது. மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. கேள்வி இதுதான்: இவர்களுடைய ஆண்டு மதிப்பீட்டை எழுதுவது யார்? நான்தான். அப்படியென்றால் அவர்கள் உங்களுக்கு மறுப்புச் சொல்ல முடியும் என்று எப்படி நம்புவது?

எரிச்சலாக இருந்தது. என் அறைக் கதவு எப்போதும் திறந்திருக்கும், நான் நல்லவள், என்னிடம் யாருக்குப் பயம் என்று வீட்டில் கத்தினேன். இன்றைக்கு கரும்பலகையின் பச்சை மைக் கதையைப் படித்ததும் கொஞ்சம் கூசியது. அந்த ஹெச்.எம். டீ வாங்கிக் கொடுத்தார், நான் டோனட் வாங்கி வைத்திருப்பேன்.

வேறு கல்லூரி மாணவி ஒருவரை நேர்காணலுக்கு அமர்த்தி, பெயர்களை நீக்கிய எழுத்து வடிவம் மட்டும் என் கைக்கு வருவதாக மாற்றி எழுதினேன். அனுமதி கிடைத்தது. ஏழாவது நேர்காணலில் ஒருவர் 'துணை முதல்வர் கதவைத் திறந்து வைத்திருப்பார், ஆனால் கணினியை விட்டுத் தலையைத் தூக்க மாட்டார்' என்று சொல்லியிருந்தார். எங்கள் பள்ளியில் துணை முதல்வர் ஒருவர்தான். பெயரை நீக்கி என்ன பயன்?

அதுக்கப்புறம் எட்டு மாதம் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. ஆய்வேடு தவிர எல்லாம் முடித்தவர்களை இங்கே ஏ.பி.டி. என்பார்கள். இப்போதைக்கு நான் அதுதான். இந்தச் சனிக்கிழமை திறக்கலாம் என்றிருக்கிறேன்.

பேனல் நம்பர் 214

பனிக்கட்டி, திறங்க. டோனட்டை நிறுத்திவிடாதீர்கள்.

ஈழத்து வாத்தியார்

கரும்பலகை, உங்கள் தமிழ்க் கேள்வித்தாளை அனுப்ப முடியுமா? எங்கள் கல்வி வலயத்துக்குள் ஒரு சிறிய ஆய்வு செய்ய எண்ணம். 'பண்பு' இருக்கும் இடத்திலெல்லாம் கை வைப்பேன், கோபிக்கக் கூடாது.

கரும்பலகை

தாராளமாகக் கை வையுங்கள், தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அது நானும் நெறியாளரும் சேர்ந்து உருவாக்கியது. முன்பு சொன்ன பெர்னார்ட் பாஸின் தலைமைக் கேள்வித்தாளை அப்படி எடுத்துவிடாதீர்கள், அதற்குக் காசு கட்டி உரிமம் வாங்க வேண்டும். ஜெராக்ஸ் கடையில் கிடைக்கிறது என்பதால் அது பொதுச்சொத்து இல்லை.

ஒன்று மட்டும். முதல் பக்கத்தின் மேலே 'பெயர் (விரும்பினால்)' என்று ஒரு கோடு இருக்கும், அச்சடிக்கும் முன் அதை அழித்துவிடுங்கள். ஹெச்.எம். அறையில் எழுதிய தாள்களில் பெரும்பாலானோர் அந்தக் கோட்டில் இனிஷியலோடு பெயர் எழுதியிருந்தார்கள். சிலர் பதவியும் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்திருந்தார்கள். உறையில் வந்தவற்றில் அந்த இடம் காலி. ஒரே ஒரு தாளில் மட்டும் 'விருப்பமில்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது.