வாக்கிங் சஃபாரி கைடு ஆகணும், தென்னாப்பிரிக்கா போய் கோர்ஸ் படிச்சா இங்க வேலைக்கு ஆகுமா?

கோத்தகிரி_காத்து:

எல்லாருக்கும் வணக்கம். ஊரு கோத்தகிரி பக்கம், ஊட்டி ஆர்ட்ஸ் காலேஜ்ல வைல்ட்லைஃப் பயாலஜி ஃபைனல் இயர் படிக்கிறேன். படிச்சு முடிச்சு லேப்லயோ பாடம் எடுத்துட்டோ உக்கார எனக்கு இஷ்டம் இல்ல, காட்டுல ஆளுங்கள நடத்தியே கூட்டிட்டுப் போற வேலைக்குத்தான் போகணும். ஜீப் சஃபாரி கைடு இல்ல, நடக்குற சஃபாரி. தென்னாப்பிரிக்கா, ஜாம்பியா பக்கமெல்லாம் இதுக்குனே தனியா ட்ரெய்னிங், பரீட்சை, சர்டிஃபிகேட்டுனு இருக்காமே, ஆனா ஃபீஸ் லட்சக்கணக்குல வருது, லோன் போட்டுத்தான் போக முடியும். அங்க படிச்சுட்டு வந்தா நம்ம நீலகிரில அதை வச்சு வேலை பாக்க முடியுமா, அங்க மாதிரி இங்க கைடு துப்பாக்கி வச்சுக்கலாமா, இல்ல இங்கயே கத்துக்க வழி இருக்கா, விவரம் தெரிஞ்ச அண்ணா அக்கா யாராச்சும் சொல்லுங்க. எங்கம்மா என்னடான்னா "கரடி நம்ம வாசலுக்கே வருது, அதப் பாக்க நீ காசு கட்டி ஆப்பிரிக்கா போறியா"ங்குது. ஆப்பிரிக்கால கரடியே இல்லம்மானு சொன்னா இன்னும் திட்டு.

குன்னூர்_டு_லோவெல்டு:

தம்பி, நான் அந்த கோர்ஸ் முடிச்சவன், இப்போ கர்நாடகா பக்கம் ஒரு சஃபாரி லாட்ஜ்ல நேச்சுரலிஸ்ட், அதாவது கெஸ்டுக்கு காட்டச் சுத்திக் காட்டி விளக்குற வேலை. உங்கம்மா சொன்னதுல பாதி கரெக்ட்தான், அதுக்கு அப்புறம் வரேன்.

தென்னாப்பிரிக்கால ஃபகாசா (FGASA)னு ஒரு அமைப்பு இருக்கு, ஃபீல்டு கைடுகளுக்கான சங்கம். பெரும்பாலான ட்ரெய்னிங் கேம்ப் எல்லாம் அவங்க சிலபஸ்லதான் ஓடுது. எடுத்ததும் நடக்க விட மாட்டாங்க. முதல்ல சாதாரண ஃபீல்டு கைடு பரீட்சை பாஸ் பண்ணணும், செடி, பறவை, தடம், பாறை, நட்சத்திரம்னு எல்லாம் வரும், ஃபர்ஸ்ட் எய்ட் சர்டிஃபிகேட்டும் வேணும். அதுக்கப்புறம்தான் ட்ரெய்ல்ஸ் கைடு. அதுல முதல் படி அப்ரண்டிஸ், அதாவது லீடு கைடுக்குப் பின்னாடி ரெண்டாவது ரைஃபிளா நடக்குறது. அதுக்கே 50 மணி நேரம் நடந்திருக்கணும், யானை, எருமை, சிங்கம் மாதிரி ஆபத்தான மிருகத்தை நடந்து போய்ப் பாத்தது 10 தடவையாவது லாக் புக்ல ஏறியிருக்கணும். தனியா லீடு பண்ணணும்னா கணக்கு இன்னும் ரொம்ப மேல போகும்.

இதுல எனக்குப் பிடிச்சது என்னனா, மிருகம் நம்மளப் பாத்து மிரண்டு ஓடினாலோ துரத்தினாலோ அதை யாரும் சாதனையா எடுத்துக்க மாட்டாங்க. நாம போனதும் வந்ததும் அதுக்குத் தெரியவே கூடாது, அப்படிப் பாத்துட்டு வந்தாதான் இன்ஸ்ட்ரக்டர் தலையாட்டுவார். யூட்யூப்ல யானை சார்ஜ் பண்ற வீடியோ போட்டு லைக் வாங்குறான் பாரு, அவனெல்லாம் அங்க ஃபெயில்.

ரைஃபிள் பத்தி கேட்ட. குழல் அளவு .375 இஞ்சுக்குக் குறையாத ரைஃபிள்தான் தூக்கணும், நல்ல கனம், நாள் முழுக்க கையிலயே இருக்கும். ஓடி வர்ற மாதிரி டார்கெட் வச்சு சில செகண்டுக்குள்ள சுடணும், தோட்டா சிக்கினா எடுத்துட்டு திரும்ப லோடு பண்ணணும். இந்த டெஸ்ட்லயே நிறைய பேர் திரும்பத் திரும்ப உக்காருவாங்க. ஆனா இந்த வித்தைக்கு நம்ம ஊர்ல வேலையே இல்ல. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள்ள அனுமதி எழுத்துல இல்லாம ஆயுதத்தோட நுழையவே கூடாது, டூரிஸ்ட் கைடுக்கெல்லாம் அந்த அனுமதி கனவுலயும் கிடைக்காது.

ஆப்பிரிக்கா முழுக்க ஒரே மாதிரினும் நினைச்சுடாத. ஜாம்பியால லுவாங்வா பள்ளத்தாக்குல கைடு கையில துப்பாக்கி இருக்காது, வனத்துறை ஸ்கவுட் ஒருத்தர் துப்பாக்கியோட முன்னாடி நடப்பார், கைடு பின்னாடி விளக்கிட்டே வருவார். இந்த நடை சஃபாரிய டூரிஸ்டுகளுக்கு ஆரம்பிச்சு வச்சவர்னு நார்மன் கார் பேரத்தான் அங்க எல்லாரும் சொல்வாங்க. ஜிம்பாப்வேலதான் லைசென்ஸ் ரொம்பக் கஷ்டம், எழுத்துப் பரீட்சை, அப்புறம் சீனியர் கைடுகிட்ட வருஷக்கணக்குல அப்ரண்டிஸ், கடைசில காட்டுலயே கேம்ப் போட்டு பரீட்சை. தென்னாப்பிரிக்கால 1959லயே இம்ஃபோலோசி காப்பகத்துல இயன் பிளேயர்னு ஒருத்தர் ஆளுங்கள நடத்திக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சுட்டார், க்ரூகர் தேசியப் பூங்கால 1978ல முதல் நடை ட்ரெய்ல் வந்துச்சு. அதாவது அவங்களுக்கு இது ரெண்டு மூணு தலைமுறைப் பழக்கம், அதான் சிலபஸ் எல்லாம் இவ்ளோ பக்காவா இருக்கு.

படிச்சதும் அங்கயே வேலைனு கனவு காணாத, ஒர்க் பெர்மிட் நம்ம ஆளுக்கு லேசுல வராது. சர்டிஃபிகேட் மட்டும் வச்சு அங்க சட்டப்படி கைடு வேலையும் பாக்க முடியாது, அரசாங்கத்துல டூரிஸ்ட் கைடா பதிவு பண்ணணும்.

நீலமலை_ஜீப்:

இவ்ளோ எதுக்கு ப்ரோ, மசினகுடி வா. ஒரு ஜீப் ஓட்டுனா போதும், நைட்டு ரோட்டு ஓரமாவே யானை காட்டலாம், கெஸ்ட் டிப்ஸ் தருவான். கோர்ஸும் வேணாம் ஒண்ணும் வேணாம்.

மசினகுடி_மாமா:

மேல ஒருத்தர் சொன்னதை காதுல போட்டுக்காத தம்பி. ராத்திரி ஜீப்ல லைட் அடிச்சு யானை காட்டுறது எல்லாம் சட்டப்படி தப்பு, புடிச்சா வண்டியும் போகும் ஃபைனும் வரும். சீகூர் பக்கம் யானை வழித்தடத்துல இருந்த ரிசார்ட்ட எல்லாம் காலி பண்ணணும்னு 2020ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. அப்புறமும் அதே பொழப்பா.

நான் வேட்டைத் தடுப்புக் காவலரா இருந்து ரிட்டையர் ஆனவன். ஆப்பிரிக்கா எல்லாம் எனக்குத் தெரியாது, நம்ம காட்டப் பத்தி சொல்றேன். அங்க படத்துல பாத்தா புல்லு, வெட்டவெளி, யானை அரை கிலோமீட்டர்லயே தெரியுது. நம்ம முதுமலை சரிவுல உண்ணிச்செடி ஆள் உசரத்துக்கு மண்டிக் கெடக்கு, பத்தடில யானை நின்னாலும் தெரியாது. அதனால இங்க கண்ணுக்கு முன்னாடி மூக்கும் காதும் வேலை செய்யணும். மூங்கில் ஒடியுற சத்தம், வயித்துக்குள்ள உறுமுற மாதிரி ஒரு சத்தம் போடும் பாரு, அது. சாணம் ஈரமா, மேல ஈ எத்தனை, உள்ள சூடு இருக்கானு கைய வச்சுப் பாக்கணும், கூச்சப்பட்டா இந்த வேலைக்கு ஆகாது. முன்னங்கால் தடத்தோட சுத்தளவ கயித்தால அளந்து ரெண்டால பெருக்கினா யானையோட உசரம் வந்துரும், ஒத்தையா போற பெரிய தடம்னா அந்தப் பக்கமே போகாம சுத்திப் போயிரணும். கன்னத்துல மதநீர் வழிஞ்ச கறை தெரிஞ்சாலும் அதேதான், தந்தம் இல்லையேனு மக்னாவ, அதான் தந்தமில்லாத ஆண் யானைய, லேசா எடுத்துக்கக் கூடாது.

காத்து ரொம்ப முக்கியம். காலைல வெயில் ஏற ஏற காத்து பள்ளத்துல இருந்து மேல ஏறும், சாயங்காலம் மேல இருந்து எறங்கும். இது தெரியாம காலை நேரத்துல யானைக்குக் கீழ்ச்சரிவுல நின்னா நம்ம வாசனை நேரா அதுகிட்டதான் போகும். ஒரு கையளவு மண்ணத் தூவிப் பாத்துட்டு அடுத்த அடி வைக்கணும், மடிப்பு மடிப்பா இருக்குற மலைல காத்து நிமிஷத்துக்கு ஒரு பக்கம் திரும்பும் அதனால தூவிட்டே இருக்கணும்.

கரடிக்கு இது அப்படியே தலைகீழ். அது தலையக் குனிஞ்சு கரையான் புத்தத் தோண்டிட்டு இருந்தா நம்ம வர்றதே அதுக்குத் தெரியாது, கிட்ட போய் முட்டினா பயத்துல மேல பாஞ்சு மூஞ்சியத்தான் கிழிக்கும். அதனால புதர்க்காட்டுல கொஞ்சம் பேசிட்டே, இருமிட்டே போகணும். எங்க சத்தம் போடணும் எங்க வாய மூடணும்கிறது எந்த சர்டிஃபிகேட்லயும் வராது, ஒரு குரும்பரோட இல்ல காட்டுநாயக்கரோட பின்னாடி நடந்தாதான் வரும். எனக்கும் அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. மந்தி கத்துறதுக்கும் கேழையாடு கத்துறதுக்கும் மிளா, அதான் கடமான், கத்துறதுக்கும் வித்தியாசம் கேட்டா உடனே சொல்வாங்க. மிளா ஒரே இடத்தப் பாத்து விடாம கத்துனா புலியோ சிறுத்தையோ அங்க இருக்குனு பெரும்பாலும் நம்பலாம், புள்ளிமான் சும்மாவும் கத்தும்.

குன்னூர்_டு_லோவெல்டு:

மாமா சொன்னதுல ஒண்ணு சேத்துக்கறேன். யானை சார்ஜ் பண்ணா அசையாம நில்லுனு அங்க சொல்லித் தருவாங்க, பாதிக்கு மேல சும்மா மிரட்டல்தான், காத விரிச்சு ஓடி வந்து நின்னுடும்னு. இங்க அத நம்பி நிக்கலாமா மாமா?

மசினகுடி_மாமா:

துப்பாக்கியோட ரெண்டு பேர் முன்னாடி இருந்தா நிக்கலாம். இங்க உண்ணிச்செடிக்குள்ள இருந்து பத்தடில வந்துச்சுனா நிக்கவும் நேரமில்ல ஓடவும் நேரமில்ல. நான் பாத்தவரைக்கும் காத வெறச்சுட்டு சத்தம் போட்டு வர்றது மிரட்டல், துதிக்கைய உள்ள மடிச்சு சத்தமில்லாம வர்றது நெசம், ஆனா அதையே சட்டமா வச்சுக்காத. அந்த நெலமைக்குப் போகாம இருக்குறதுக்குத்தான் மேல சொன்ன அத்தனையும்.

சோலைக்கிளி:

நான் தமிழ்நாடு அரசோட மலையேற்றத் திட்டத்துல கைடா இருக்கேன், அதனால வேலை விஷயம் சொல்றேன் தம்பி. 2018 மார்ச்ல குரங்கணி தீ விபத்துல 23 பேர் செத்தாங்கல்ல, அதுக்கப்புறம்தான் மலையேற்றத்துக்குனு தனி விதிமுறையே வந்துச்சு. அனுமதி இல்லாம காப்புக்காட்டுக்குள்ள ஆளக் கூட்டிட்டுப் போனா கேஸ். 2024 கடைசில வனத்துறையே 40 ரூட்டத் திறந்து ஆன்லைன் புக்கிங் விட்டாங்க, நீலகிரில லாங்வுட் சோலை, கெய்ர்ன் ஹில் மாதிரி லேசானதும் இருக்கு, பார்சன்ஸ் வேலில இருந்து முக்குர்த்தி போற மாதிரி மூச்சு வாங்குறதும் இருக்கு. கைடுங்கள அந்தந்தப் பக்கத்து பழங்குடி ஊர், காட்டோரத்து ஊர்ல இருந்துதான் எடுத்து ட்ரெய்னிங் குடுத்தாங்க. நீங்க கோத்தகிரினா உங்க ரேஞ்ச் ஆபீஸ்ல நேர்ல போய்க் கேளுங்க, ஃபோன்ல கேட்டா பதில் வராது.

இதை ஆப்பிரிக்கா சஃபாரி மாதிரி நினைக்காதீங்க. புலியத் தேடிப் போறது இல்ல, புலிகள் காப்பகத்துக் கோர் காட்டுல டூரிஸ்ட நடத்திக் கூட்டிட்டுப் போக முதுமலைல வழி இல்ல, வேன் சஃபாரிதான். நம்ம பக்கத்துல நடை சஃபாரினு சொல்லணும்னா தேக்கடில பெரியார் காப்பகத்தச் சொல்லலாம், அங்க முன்னாடி காட்டுல திருட்டுத்தனமா பட்டை வெட்டினவங்க, வேட்டையாடினவங்களே குழுவா சேந்து இப்போ கைடா இருக்காங்க, துப்பாக்கியோட ஒரு ஃபாரஸ்ட் கார்டும் கூட வருவார். வடக்க மத்தியப் பிரதேசத்துல சத்புரா காப்பகத்துலயும் நடக்க விடுறாங்க. லீவுல ஒரு தடவ தேக்கடி போய் டிக்கெட் எடுத்து அவங்க பின்னாடி நடந்து பாருங்க, ஆப்பிரிக்கா டிக்கெட்ட விட ஆயிரம் மடங்கு சல்லிசு.

அப்புறம் யாரும் சொல்லாத ஒண்ணு. மிருகத்த விட மனுஷங்களதான் சமாளிக்கணும். செண்ட் அடிச்சுட்டு வருவாங்க, ஒருத்தர் ஃபோன்ல ஸ்பீக்கர்ல பாட்டு, ஒருத்தங்க புது ஷூ போட்டு வந்து அரை மணி நேரத்துல கால் கொப்புளம், அட்டை ஒட்டினா ஊரக் கூட்டிடுவாங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே ஒவ்வொருத்தர் நடையயும் பாத்து வச்சுடுவேன், ரொம்ப மெதுவா நடக்குறவங்கள எனக்கு நேர் பின்னாடி விட்டுடுவேன், கடைசில விட்டா அவங்க மூச்சு வாங்குறதே நமக்குத் தெரியாது. காட்டு மாடு தேயிலைக்குள்ள நின்னா செல்ஃபி எடுக்க ஓடுறவன சட்டையப் புடிச்சு இழுக்குற தைரியம் வேணும், அவன் உங்க அப்பா வயசா இருந்தாலும். குன்னூர்ல வீட்டு வாசல்ல மேயுதேனு சாதுனு நினைச்சுடுறாங்க, ஒத்தை மாடு பக்கவாட்டுல திரும்பி உடம்பக் காட்டி நின்னா அது போஸ் குடுக்கல, விலகிப் போன்னு சொல்லுது.

கோத்தகிரி_காத்து:

ரொம்ப ரொம்ப நன்றி எல்லாருக்கும். அப்போ லோன் எடுக்குறத இப்போதைக்கு தள்ளி வச்சுடறேன். ஆனா ஒரு டவுட், பின்னாடி லாட்ஜ் வேலைக்குப் போனா அந்த சவுத் ஆப்பிரிக்கா சர்டிஃபிகேட்டுக்கு மதிப்பு இருக்குமா இருக்காதா? அப்புறம் இப்பவே என்ன ஆரம்பிக்கலாம்?

குன்னூர்_டு_லோவெல்டு:

பெரிய லாட்ஜ்ல வெளிநாட்டு கெஸ்ட் வர்ற இடத்துல மதிப்பு இருக்கு, இல்லைனு சொல்ல மாட்டேன். எனக்கு இன்டர்வியூல அது கதவத் திறந்துச்சு. ஆனா உங்கம்மா சொன்னதுல பாதி கரெக்ட்னேன்ல, அது இதான், முதல்ல இங்க ரெண்டு மூணு வருஷம் நடந்துட்டுப் போனா அங்க அவங்க சொல்லித் தர்றது டக்குனு உள்ள ஏறும், காசுக்கும் அர்த்தம் இருக்கும். வெறும் ஆளாப் போய் லேண்ட் ஆனா பாதி கோர்ஸ் யானையப் பாத்து வாயப் பொளக்குறதுலயே போயிடும்.

இப்போ பண்ண வேண்டியது, முதல்ல நல்ல ஃபர்ஸ்ட் எய்ட் ட்ரெய்னிங். பாம்பு கடிச்சா கட்டு இறுக்கிப் போடக் கூடாது, கீறக் கூடாது, அசையாம வச்சு விஷமுறிவு ஊசி இருக்குற ஆஸ்பத்திரிக்கு ஓடணும், எந்த ஆஸ்பத்திரில ஸ்டாக் இருக்குங்கிறத ட்ரிப்புக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கணும், இதெல்லாம் கைல வந்திருக்கணும். ரெண்டாவது பறவை. மிருகம் தெரியாத நாள்தான் அதிகம், அன்னிக்கு கெஸ்ட்ட சந்தோஷமா வச்சுக்கறது நீலகிரி சிரிப்பானும் மரமும் பாசியும்தான். நோட்டுல தினமும் எழுது, காத்து எந்தப் பக்கம், எந்தத் தடம், என்ன பழம் பழுத்திருக்குனு. கோத்தகிரில கீஸ்டோன் ஃபவுண்டேஷன் இருக்கு, பழங்குடி மக்களோட தேன், காடுனு ரொம்ப வருஷமா வேலை பாக்குறாங்க, தன்னார்வலரா ஏதாச்சும் வாய்ப்பு இருக்கானு கேளு.

சோலைக்கிளி:

லாங்வுட் சோலைதான் உங்களுக்குப் பக்கம், அனுமதி வாங்கிட்டு காலைல சீக்கிரம் வாங்க. பைனாகுலர் இருக்கா?

கோத்தகிரி_காத்து:

இல்லக்கா, எது வாங்கலாம்? 10×50 ஒண்ணு ஓஎல்எக்ஸ்ல சல்லிசா வந்திருக்கு.

சோலைக்கிளி:

அது கனம், கை ஆடும், சோலைக்குள்ள இருட்டுல பக்கத்துல இருக்குற பறவையத் தேடிப் புடிக்கவே முடியாது. எட்டு மடங்கு மட்டும் பெருக்கிக் காட்டுற 8×42 வாங்குங்க. அதுவரைக்கும் என்கிட்ட பழசு ஒண்ணு இருக்கு, தரேன்.