புதுப்பிப்பு: அண்ணனின் ஜிபிஎஸ் பேட்டரி, புது சார்ஜர்

பாம்பனில் வள்ளத்தில் போகும் அண்ணனின் கையடக்க ஜிபிஎஸ்ஸில் டபுள் ஏ ரீசார்ஜ் பேட்டரிகள் ஆறே மாதத்தில் வீணாகின்றன, குறை பேட்டரியிலா சார்ஜரிலா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சார்ஜரில்தான்.

பழையது இரண்டிரண்டாகத்தான் ஏற்றும், நிரம்பினாலும் நிற்காது. அண்ணி இரவெல்லாம் செருகி வைப்பார். காலையில் தொட்டால் சுடும். ஜோடியில் ஒன்று முதலில் நிரம்பினாலும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சூடுதான் இந்த ரீசார்ஜ் பேட்டரியை, அதாவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லைக் கெடுக்கிறது.

நீங்கள் சொன்னபடி ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜர் வாங்கினோம். செல் நிரம்பும்போது அதன் மின்னழுத்தம் லேசாக இறங்கும். அதைக் கண்டதும் தானே நிறுத்திவிடுகிறது. 2000 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) கொள்ளளவுள்ள செல்லை 1000 மில்லிஆம்பியரில் ஏற்றுகிறோம், இரண்டரை மணி நேரம் போதும். மின்சாரத்தை ரொம்பக் குறைத்தால் அந்த இறக்கம் சார்ஜருக்குப் பிடிபடாமல் போகலாம்.

பழைய 4 செல்களில் 2 தேறின. அப்புறம் உப்புக்காற்று! ஜிபிஎஸ்ஸின் பேட்டரி முனைகளில் பச்சை படிந்திருந்தது. துடைத்தோம், செல்களை இப்போது இறுக்கமான டப்பாவில் வைக்கிறோம்.

இருந்தாலும் ரீசார்ஜ் செய்யாத சாதாரண அல்கலைன் செல்கள் இரண்டை உபரியாகக் கொடுத்துத்தான் அனுப்புகிறேன். இருட்டில் ஜிபிஎஸ் அணைந்தால் கடல் எல்லை எங்கே என்று எப்படித் தெரியும்? பதில் சொன்ன எல்லோருக்கும் அண்ணி நன்றி சொல்லச் சொன்னார்.