வளரும் நாட்டு ஆலைகளை ஏற்றுமதிக்குத் தூண்டுவது எது?

கேள்வி:
முதுகலை ஆய்வேட்டுக்காக வங்கதேச ஆயத்த ஆடைத் தொழிலைப் படித்து வருகிறேன். கூலி மலிவு என்பதால்தான் அங்குள்ள ஆலைகள் ஏற்றுமதியில் இறங்கின என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் 1970களிலும் அங்கே கூலி மலிவுதான். ஆடை ஏற்றுமதியோ பெயரளவுக்கே இருந்தது. அப்படியானால் உண்மையில் தூண்டியது எது?

பதில் 1:
உங்கள் ஐயம் நியாயமானது. 1974 முதல் நடைமுறையிலிருந்த பல்லிழை ஒப்பந்தம் (Multi Fibre Arrangement) என்ற துணி, ஆடை வணிக உடன்பாட்டின் கீழ்த் தென்கொரிய ஆடைகளுக்குப் பணக்கார நாடுகள் கோட்டா (இறக்குமதி அளவுக்கு வரம்பு) விதித்ததால், அந்நாட்டின் தேவூ நிறுவனம் கோட்டாவில் சிக்காத நாடொன்றைத் தேடியது. சிட்டகாங்கில் ஆலை அமைத்த வங்கதேசத்தின் தேஷ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, 1979இல் அதன் ஊழியர் 130 பேரைத் தென்கொரியாவின் பூசான் நகருக்கு வரவழைத்துப் பயிற்சி அளித்தது. அதற்குப் பின் நடந்ததையே நான் பெரிதாகக் கருதுகிறேன்: 1980களில் அவர்களுள் 100க்கும் மேற்பட்டோர் விலகிச் சென்று, சொந்த ஆலை தொடங்கினர் அல்லது பிற ஆலைகளில் சேர்ந்தனர். வெளிநாட்டவர் கேட்கும் தரத்தில் தைத்து, குறித்த நாளில் கப்பலேற்றும் அறிவு அவர்களோடு பரவியது.

பதில் 2:
அறிவு இருந்தும் கையில் முதலீடு இல்லாதவர் என்ன செய்வார்? அங்கேதான் ‘பேக் டு பேக் எல்.சி.’ கைகொடுத்தது. எல்.சி. என்பது வாங்குநர் சார்பில் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம். வெளிநாட்டு வாங்குநர் திறக்கும் எல்.சி.யை ஈடாக வைத்துத் துணி இறக்குமதிக்கு இன்னொரு எல்.சி. திறக்கலாம்; ஏற்றுமதிப் பணம் வந்தபின் துணிக்கான தொகையைச் செலுத்தினால் போதும். ஏற்றுமதிக்கான இறக்குமதிப் பொருளை வரி கட்டாமல் வைத்திருக்க உதவும் பிணைக் கிடங்கு வசதியால் அத்துணிக்குச் சுங்கவரியும் இல்லை.

பதில் 3:
இவையெல்லாம் நாட்டுக்கே பொதுவானவை. ஒரே தெருவில் ஓர் ஆலை ஏற்றுமதி செய்ய, பக்கத்து ஆலை செய்யாததை இவை விளக்கா. 1980களின் கொலம்பிய ஆலைகளை ஆராய்ந்தவர்கள், முந்தைய ஆண்டு ஏற்றுமதி செய்த ஆலையே அடுத்த ஆண்டும் செய்யும் வாய்ப்பு மிக அதிகம் என்று கண்டார்கள். வெளிநாட்டுச் சந்தையில் நுழைவதற்கு ஒருமுறை செய்யும் செலவே பலரைத் தடுக்கிறது; அதைக் கடந்தவர் தொடர்கிறார்கள். திறமையான ஆலைதான் ஏற்றுமதிக்குப் போகிறது என்ற வாதமும் முழு உண்மையன்று. எகிப்தின் ஃபூவா நகரில் சிறு கம்பள நெசவாளர்கள் சிலருக்குக் குலுக்கல் முறையில் வெளிநாட்டு ஆர்டர் கொடுத்துப் பார்த்தபோது, ஆர்டர் கிடைத்தவர்களின் இலாபம் 16 முதல் 26 விழுக்காடு வரை கூடியது. அவர்கள் முன்பைவிட மெதுவாக நெய்தார்கள், ஆனால் தரம் உயர்ந்தது. அதாவது ஏற்றுமதி செய்வதாலும் திறமை வளர்கிறது. ஆகவே உங்கள் ஆய்வேட்டில் ஒவ்வொரு ஆலைக்கும் முதல் ஆர்டர் யார் வழியாக வந்தது என்பதைத் தேடிப் பாருங்கள்.