போர்ட்ரெய்ட்டுக்கு மீடியம் ஃபார்மட்டா, ஃபுல் ஃப்ரேமா?

எல்லாருக்கும் வணக்கம். நான் எடுப்பது பெரும்பாலும் போர்ட்ரெய்ட்தான். கையில் இருப்பது ஃபுல் ஃப்ரேம் பாடியும் 85 மி.மீ. எஃப்/1.4 லென்ஸும். ஃபுல் ஃப்ரேமைவிடப் பெரிய சென்சார் உள்ள மீடியம் ஃபார்மட் கேமராவான ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் பக்கம் போகலாமா என்று யோசிக்கிறேன்.

பின்னணி மங்கலுக்காக இல்லை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஜிஎஃப்எக்ஸ் சென்சார் 43.8 × 32.9 மி.மீ., ஃபுல் ஃப்ரேம் 36 × 24. அதற்கான ஜிஎஃப் 110 மி.மீ. எஃப்/2 லென்ஸ் ஃபுல் ஃப்ரேமில் ஏறக்குறைய 87 மி.மீ. எஃப்/1.6 போலத்தான் வரும். என் 85 அதைவிடக் கொஞ்சம் கூடவே மங்கலாக்கும்.

என்னை இழுப்பது தோல் நிறம். ஜன்னல் வெளிச்சத்தில் கன்னத்திலிருந்து தாடைக்கு நிழல் இறங்குகிற இடம் ஜிஎஃப்எக்ஸ் படங்களில் அவ்வளவு மென்மையாகத் தெரிகிறது. அது சென்சாரால் வருவதா, லென்ஸா, எடிட்டிங்கா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. 4:3 சட்டமும் நிமிர்ந்த படத்துக்கு ரொம்பப் பொருத்தம்.

ஆனால் ஜிஎஃப்எக்ஸில் ஃபிளாஷ் சிங்க் (சாதாரண ஃபிளாஷோடு வைக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/125 நொடிதான். வெயிலில் லென்ஸைத் திறந்து வைத்து ஃபிளாஷ் போடுகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரா, சிங்கைவிட வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷ் போட விடும் ஹெச்எஸ்எஸ்ஸா? அப்புறம், ஓடியாடும் குழந்தைகளின் கண்ணை ஃபோகஸ் விடாமல் பிடிக்கிறதா?

ஒரே முகத்தை ஒரே வெளிச்சத்தில் இரண்டிலும் எடுத்த, எடிட் செய்யாத ரா ஃபைல் யாரிடமாவது இருந்தால் பகிருங்கள், பெரிய உதவியாக இருக்கும்.