அப்ரைசல், வேலைப்பளு, ட்ரெய்னிங்: மனதில் நின்றுபோன ஒரு சம்பவம் சொல்லுங்கள்

ஓஎம்ஆர் டெஸ்டர்:
நானே ஆரம்பிக்கிறேன். வருஷம் முழுக்கச் செய்த வேலையை நாமே எழுதிக் கொடுக்கும் செல்ஃப் அப்ரைசல் படிவத்தை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போன முறை அதற்காக ஒரு சனி ஞாயிறு முழுக்கச் செலவழித்தேன். ஆட்டோமேஷன் ஸ்கிரிப்ட் எழுதியது, பழையவை உடையவில்லையா என்று பார்க்கும் ரிக்ரஷன் டெஸ்ட் ஓடும் நேரத்தைக் குறைத்தது, புதிதாக வந்த பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தது என்று எல்லாவற்றையும் டிக்கெட் நம்பரோடு எழுதி வைத்தேன்.

மீட்டிங் டீம்ஸில். என் படிவத்தைக் காட்டுவதற்காக மேனேஜர் ஸ்கிரீன் ஷேர் போட்டார். திறந்தது டீம் முழுவதற்குமான எக்செல். என் பெயருக்கு நேரே மஞ்சள் கட்டத்தில் ரேட்டிங் 3. அதற்குப் பக்கத்தில் 'க்ளோஸ்டு'. பார்த்த மாத்திரத்தில் வேறு விண்டோவுக்கு மாற்றிவிட்டார். அப்புறம் நிதானமாக, "சரி, இந்த வருஷம் உங்க அச்சீவ்மென்ட்ஸ் ஒவ்வொண்ணா சொல்லுங்க" என்றார்.

நானும் சொன்னேன்! அரை மணி நேரம் சொன்னேன். அவரும் தலையாட்டிக்கொண்டே ஏதோ டைப் செய்தார். கீபோர்டு சத்தம் கேட்டது. எங்கே டைப் செய்தார், என்னத்தை டைப் செய்தார் என்று இன்றைக்கும் மண்டையைக் குடைகிறது. 3 போட்டதில்கூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. முடிந்துபோன விஷயத்துக்கு என்னை எதற்கு வாய் வலிக்கப் பேச வைத்தார்?

நைட் டியூட்டி சிஸ்டர்:
தனியார் ஆஸ்பத்திரி, ஐசியு. வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு பேஷன்ட்டுக்கு ஒரு நர்ஸ் என்பது ஏட்டுக் கணக்கு. அன்றைக்கு ராத்திரி என் பொறுப்பில் இரண்டு வென்டிலேட்டர், முகமூடி வழியாக மூச்சு கொடுக்கும் பைபாப் ஒன்று. ஒருத்தி லீவு. இன்னொருத்தியை வார்டில் ஆள் இல்லை என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் ஹேண்ட்ஓவர் கொடுத்துவிட்டுப் பையை எடுக்கிறேன், இன்சார்ஜ் வந்து "ட்ரெய்னிங் ஹாலுக்குப் போயிட்டுப் போங்க, அட்டெண்டன்ஸ் எடுக்கறாங்க" என்றார்.

தலைப்பு: நேர மேலாண்மை.

டை கட்டிய ஒரு சார் போர்டில் நாலு கட்டம் போட்டார். அவசரமானது, முக்கியமானது, இரண்டுமானது, இரண்டுமில்லாதது. உங்கள் ஒரு நாள் வேலையை இந்தக் கட்டங்களில் பிரித்து எழுதுங்கள் என்றார். பின்வரிசையில் இருந்த சீனியர் அக்கா எழுந்தார். "சார், மூணு பெட்லயும் ஒரே நேரத்துல அலாரம் அடிக்குது. டாக்டர் போன்ல ஆர்டர் சொல்றாரு. பேஷன்ட்டோட மகன் பில்லைப் பத்தி சத்தம் போடறாரு. எது எந்தக் கட்டம் சார்?" ஹாலே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். அக்கா உட்காரவேயில்லை. ரொம்ப நேரம் நின்றுகொண்டே இருந்தார்.

ட்ரெய்னிங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பதிவைப் புதுப்பிக்க 5 வருஷத்தில் 150 மணி நேரம் தொடர்கல்வி வேண்டும் என்று நர்சிங் கவுன்சில் சொல்கிறது, நியாயம்தான். செப்சிஸ் பற்றியோ, வென்டிலேட்டர் ஸ்கிரீனில் வரும் கோடுகளைப் படிப்பது பற்றியோ வகுப்பு வைத்தால் தூக்கத்தை விட்டு உட்காரத் தயார். இந்த வகுப்புக்கு அந்த மணி நேரக் கணக்கில் கிரெடிட் உண்டா என்று கேட்டேன். "இது சாஃப்ட் ஸ்கில்தான் சிஸ்டர், அதுக்கு கிடையாது" என்றார்கள்.

டீம்லீட் கோவை:
டெஸ்டர் நண்பரே, அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மீட்டிங்குக்கு முன்னால் ரேட்டிங் போடாமல் இருக்கவே முடியாது. நார்மலைசேஷன் என்று ஒன்று நடக்கும். எல்லா லீடும் ஓர் அறையில் உட்கார்ந்து, இத்தனை பேருக்குத்தான் 5, இத்தனை பேருக்குத்தான் 4 என்று பங்கு பிரிப்போம். அதற்கப்புறம்தான் உங்களோடு பேச்சு. உங்கள் மேனேஜர் ஏமாற்றினார் என்று நினைக்காதீர்கள், அவரிடம் அந்த 3-ஐ மாற்றும் அதிகாரமே இருந்திருக்காது.

இப்படிப் பங்கு பிரிப்பதைத்தான் பெல் கர்வ் என்பார்கள். ஜாக் வெல்ச் தலைவராக இருந்த காலத்து ஜிஇ (ஜெனரல் எலக்ட்ரிக்) கம்பெனியில் பிரபலமானது. மேலே 20 சதவீதம், நடுவில் 70, கீழே 10. மைக்ரோசாஃப்ட் 2013-லேயே அப்படி வரிசை கட்டுவதை நிறுத்திவிட்டது. அடோபி அதற்கு முந்தின வருஷமே வருடாந்திர ரேட்டிங்கைத் தூக்கிவிட்டது. நம் ஊரில் பேர் மாற்றி ஓடிக்கொண்டிருக்கிறது.

என் சம்பவம் அந்த அறையில் நடந்ததுதான். என் டீமில் ஒரு பெண், மகப்பேறு விடுப்புக்கு முன்னால் ஒரு பெரிய மைக்ரேஷனை ஏறக்குறைய தனியாளாக முடித்துக் கொடுத்தவர். நான் 4 கேட்டேன். மேசையின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல்: "ஆறு மாசம் இல்லாதவங்களுக்கு 4 குடுத்தா, இருந்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" 26 வாரம் சட்டம் கொடுத்த விடுப்பு, இருந்த மாதங்களை மட்டும் பாருங்கள் என்றேன். ஹெச்ஆர் வாயே திறக்கவில்லை. அந்த 4 வேறு டீமுக்குப் போனது. அந்தப் பெண் திரும்பி வந்த பிறகு அவரோடு ஒன் டு ஒன் பேசும்போது "ஃபீட்பேக் சொல்லுங்க சார்" என்றார். நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றித் தயாராக உட்கார்ந்திருந்தார். அந்த நோட்டில் எழுதிக்கொள்ளும்படி என்னிடம் ஒன்றுமே இல்லை.

ஓஎம்ஆர் டெஸ்டர்:
சார், அதிகாரம் இல்லை என்றால் "ரேட்டிங் முடிஞ்சு போச்சு, அடுத்த வருஷத்தைப் பேசலாம்" என்று நேராகச் சொல்லலாமே? அதற்கு எந்த அதிகாரம் வேண்டும்?

டீம்லீட் கோவை:
சொல்லலாம். சொன்னால் ஹெச்ஆருக்குப் புகாராக எஸ்கலேஷன் போகும் என்ற பயம்தான்.

ஒரகடம் பி-ஷிஃப்ட்:
உங்களுக்காவது எக்செல். எங்கள் கார் ஃபேக்டரியில் எல்லாம் சுவரில் தொங்கும். ஸ்கில் மேட்ரிக்ஸ் பார்த்திருப்பீர்கள்: இடது பக்கம் பெயர், மேலே ஸ்டேஷன் பெயர், ஒவ்வொரு கட்டத்திலும் நாலாகப் பிரித்த ஒரு வட்டம். கற்றுக்கொள்ளும்போது கால் பங்கு கருப்பு. தனியாகச் செய்தால் அரை. டைமுக்குள் குவாலிட்டியோடு முடித்தால் முக்கால். அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தால் முழு வட்டம்.

நான் ஆசைப்பட்டுக் கற்றேன். டோர் ஃபிட்டிங், டேஷ்போர்டு, பிரேக் லைன் என்று ஒவ்வொன்றாக. என் வரிசை முழுக்கக் கருப்பு வட்டமானது. ஆடிட் வந்தால் என் பெயரைக் காட்டுவார்கள். விளைவு என்ன? எந்த ஸ்டேஷனில் யார் வரவில்லை என்றாலும் "அவனைக் கூப்பிடு". நிரந்தர ரிலீவர் ஆகிவிட்டேன். மற்றவன் ஒரே இடத்தில் ஒரே வேலை செய்து, மூன்று மணிக்கு டீ குடிக்கிறான். நான் எந்த ஸ்டேஷனில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு நாள் லைன் லீடரிடம் கேட்டேன், இவ்வளவு கற்றதற்கு சம்பளத்தில் ஏதாவது உண்டா என்று. அவர் போர்டைத் திரும்பிப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து மார்க்கரை எடுத்து, இன்னும் அரையாக இருந்த ஒரே ஒரு வட்டத்தைக் காட்டி, "அதையும் முடிச்சிடு, பேசுவோம்" என்றார். பக்கத்தில் நின்ற காண்ட்ராக்ட் பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அவன் அதற்கப்புறம் புதுசாக எதையும் கற்கவில்லை. சொல்லிக்கொடுக்கப் போனால் "வேணாண்ணே" என்கிறான். நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

பேங்க் மேலாளர்:
எல்லாவற்றையும் படித்தேன். என் கதை சின்னது. பேங்க் ஊழியர்களுக்கான ஜேஏஐஐபி, சிஏஐஐபி பரீட்சை இரண்டும் பாஸ் பண்ணி, கடன் பார்க்கும் கிரெடிட் டிபார்ட்மென்ட் கேட்டேன். "நீங்க இல்லேன்னா கவுன்ட்டர் ஓடாது" என்று பாராட்டி, கவுன்ட்டரிலேயே வைத்தார்கள். அவ்வளவுதான்.

ஆனால் நண்பர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லியாக வேண்டும். முதலில், மார்ச்சில் உட்கார்ந்து வருஷம் முழுவதையும் யோசிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை கிளம்புவதற்கு முன் ஐந்து வரி: என்ன முடிந்தது, யாருக்குப் பயன்பட்டது, எது தேங்கியது, ஏன். அதை மேலதிகாரிக்கு மெயிலாகவே போட்டுவிடுங்கள். அவர் படிக்காவிட்டாலும் தேதியோடு நிற்கும். ஆபீஸ் விவரங்களை சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள், அதுவே குற்றச்சாட்டாகிவிடும்.

அடுத்தது, புது வேலை தலையில் விழும்போது 'முடியாது' என்று சொல்லாதீர்கள். "கையில் இந்த மூன்று இருக்கிறது, இதில் எதைத் தள்ளிப்போடட்டும்?" என்று கேளுங்கள். அதையும் எழுத்தில் கேளுங்கள். முடிவு அவருடையதாகிவிடும். பாதி நேரம் புது வேலையே காணாமல் போகும்.

மூன்றாவது, எண்ணிக்கை. 'நன்றாக உழைத்தேன்' என்பதை யாரும் படிக்க மாட்டார்கள். எத்தனை கணக்கு, எத்தனை நாள் மிச்சம், எத்தனை புகார் குறைந்தது என்று எழுதுங்கள். நான்காவது, ரேட்டிங் மீட்டிங்குக்கு ஒரு மாதம் முன்பே மேலதிகாரியிடம் பேசுங்கள், அவர் அந்தப் பங்கு பிரிக்கும் அறைக்குள் போகும்போது உங்கள் எண்கள் அவர் கையில் இருக்க வேண்டும். டெஸ்டர் தம்பி இதைத்தான் தவறவிட்டிருக்கிறார். ஐந்தாவது, எந்தப் படிப்பைத் தொடங்கும் முன்பும் "இதை முடித்தால் எனக்கு எந்த வேலை?" என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஆறாவது, தூக்கம். ஏழாவது, யோகா அல்லது நடை...

நைட் டியூட்டி சிஸ்டர்:
சார், யோகாவுக்கு எந்தக் கட்டம்?

ஒரகடம் பி-ஷிஃப்ட்:
சார், ஓடுகிற லைனில் நின்றுகொண்டு வெள்ளிக்கிழமை மெயில் போட முடியாது. எங்களுக்கு ஆபீஸ் மெயிலே கிடையாது. "எதைத் தள்ளிப்போடட்டும்" என்று கேட்டால் கார் நிற்காது, வந்துகொண்டே இருக்கும். உங்கள் யோசனை நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்குச் சரி. படிப்பைத் தொடங்கும் முன்பே கேட்கச் சொன்னீர்கள், சரி, நீங்கள் கேட்டீர்களா?

பேங்க் மேலாளர்:
கேட்டேன் தம்பி. "முதல்ல பாஸ் பண்ணுங்க" என்றார்கள்.

மத்திய அரசு ஊழியர்:
எக்செல், போர்டு எல்லாம் கேட்டாயிற்று. இது காகிதக் கதை.

ஏபிஏஆர் என்பது மேலதிகாரி வருஷா வருஷம் நம்மைப் பற்றி எழுதும் மதிப்பீட்டு அறிக்கை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்: ஒவ்வோர் அம்சத்துக்கும் 1 முதல் 10 வரை மார்க். வேலைக்கு 40 சதவீதம், தனிப்பட்ட பண்புகளுக்கு 30, செயல்திறனுக்கு 30 என்று கூட்டி ஒரு மொத்தம். 6-லிருந்து 8-க்குள் இருந்தால் 'வெரி குட்'. பதவி உயர்வு கிடைக்காதவர்களுக்குப் பத்து, இருபது, முப்பது வருஷத்தில் வரும் எம்ஏசிபி சம்பள உயர்வுக்கு 2016-லிருந்து அந்த 'வெரி குட்' கட்டாயம். அதற்குமுன் பெரும்பாலானவர்களுக்கு 'குட்' போதும்.

எனக்கு வந்தது 5.9.

படிவம் கைக்கு வந்ததும் கால்குலேட்டரை எடுத்துக் கூட்டினேன். 6.1 வருகிறது. திரும்பக் கூட்டினேன். அதே 6.1. கடைசிப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், 6.1 என்று எழுதி அதன் மேலேயே 5.9 ஆகத் திருத்தியிருக்கிறது. உள்ளே இருக்கும் மார்க் ஒன்றையும் தொடவில்லை. மொத்தத்தை மட்டும் குறைக்கிறார், அதையும் உருப்படியாகக் கூட்டாமல்! எழுதியவர் அதற்குள் மாறுதலாகி வேறு ஊர் போய்விட்டார். போனில் கேட்டேன். "5.9-ம் 6-ம் ஒண்ணுதானே, இதுக்குப் போயி..." என்றார். ஒன்றுதான் என்றால் எதற்கய்யா திருத்தினீர்?

இதையாவது பார்க்க முடிந்ததே என்று நினைத்துக்கொள்கிறேன். பழைய காலத்தில் பாதகமான குறிப்பை மட்டும்தான் காட்டுவார்கள், மற்றது உறைக்குள்ளேயே போய்விடும். எல்லைச் சாலைப் பொறியாளர் ஒருவர் தொடுத்த தேவ் தத் வழக்கில் 2008-ல்தான் உச்ச நீதிமன்றம், எந்தக் குறிப்பாக இருந்தாலும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றது. அவருக்கும் இதே மாதிரி ஒரே ஒரு வருஷக் குறிப்புதான் பதவி உயர்வுக்குக் குறுக்கே நின்றது.

ஓஎம்ஆர் டெஸ்டர்:
அப்படியென்றால் நீங்கள் எதிர்த்து எழுத முடியுமா? எங்களுக்கு 'ஐ டிஸக்ரீ' என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

மத்திய அரசு ஊழியர்:
முடியும். படிவம் கையில் கிடைத்த 15 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். மனுவைப் பெற்ற 30 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. நான் கூட்டல் கணக்கை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. 30 நாள் எப்போதோ தாண்டிவிட்டது, கோப்பு 'மேலே' இருக்கிறதாம்.

புதிய உறுப்பினர்:
சார், என்னுடையது 5.8, போன வாரம்தான் கையில் வந்தது. மனுவுக்கு ஏதாவது ஃபார்மட் இருக்கிறதா? என் படிவத்தில் கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதியவரிடம் நான் வேலை பார்த்தது 2 மாதம்கூட இல்லை.

மத்திய அரசு ஊழியர்:
வெள்ளைத்தாள் போதும். குறைந்தது 3 மாதம் உங்கள் வேலையைப் பார்த்தவர்தான் எழுதலாம். அந்த ஒன்றை முதல் பத்தியிலேயே எழுதுங்கள், அவர் சேர்ந்த தேதியைக் காட்டும் ஆர்டர் காப்பியை இணையுங்கள். நேரில் கொடுத்து ரசீதில் சீல் வாங்குங்கள். போன வாரம் என்றால் எந்தக் கிழமை?