செயற்கை இழையில் கட்டிய டிரை ஃபிளையின் வால் மூழ்குகிறது: வழி வேண்டும்

ஒன்டாரியோவின் கிராண்ட் ஆற்றில், பெர்கஸ் ஊருக்குக் கீழே, பழுப்பு டிரவுட் மீனுக்காக நான் கட்டும் பாரசூட் ஆடம்ஸ் ஈக்கள் (நீர்மேல் மிதக்க வேண்டிய டிரை ஃபிளை வகைச் செயற்கைத் தூண்டில் ஈக்கள்) சில வீச்சுகளுக்குப் பின் ஒருபக்கம் சாய்ந்து, வால் நீரில் அமிழ்ந்துவிடுகின்றன. மே மாதத்திலிருந்து இதே தொல்லை.

14ஆம் எண் மெல்லிய கம்பித் தூண்டில் முள். இறக்கையும் உடலும் பாலிப்ரொப்பிலீன், வால் நைலான் இழை, இறக்கையின் அடியைச் சுற்றிக் கட்டும் ஹேக்கிள் மட்டும் சேவல் இறகு. பாலிப்ரொப்பிலீன் நீரைவிட இலேசானது, நீரை உறிஞ்சாதது. ஆகவே நைலானின் மேல்தான் எனக்கு ஐயம்.

மிதவைப் பசை தடவியும், சிலிக்கா தூளில் உலர்த்தியும், ஹேக்கிளைக் கூடுதலாகச் சுற்றியும் பயனில்லை. இறக்கையைக் குட்டையாக வெட்டியபோது சாய்வு சற்றுக் குறைந்தது என்றாலும், மாலை மங்கலில் ஈ இருக்கும் இடமே தெரியவில்லை.

இறக்கையின் உயரத்தைக் குறைக்காமல் வாலை நீர்மேல் நிறுத்த, எந்தச் செயற்கை இழையை எவ்வளவு விரித்துக் கட்ட வேண்டும்?