கோயில் கொடை விழாவுக்கு ஒலி மிக்சரைத் தனி யூபிஎஸ்ஸில் போட எத்தனை வாட் வேண்டும்?

நாங்குநேரி_மைக்செட்
அண்ணாச்சிமாரே, ஆடிக் கொடையில் எங்கள் சுடலைமாடன் கோயில் வில்லுப்பாட்டுக்கு நான்தான் மிக்சர் பார்க்கிறேன். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாற்றும்போது டிஜிட்டல் மிக்சர் அணைந்து, திரும்ப ஓடி வருவதற்குள் பாட்டு நின்றுபோகிறது. அதனால் மிக்சர், நாலு வயர்லெஸ் ரிசீவர், லேப்டாப் இவற்றை மட்டும் யூபிஎஸ்ஸில் போட நினைக்கிறேன். மிக்சர் பின்னால் 100-240 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று இருக்கிறது. கடையில் 230-ஐ 1.5-ஆல் பெருக்கி 345 வாட் என்கிறார்கள். சரியா? சத்தம் கூட்டுகிற ஃபேடரை ஏற்றினால் இன்னும் இழுக்குமா?

பாளை_ஒலி
அந்தப் பெருக்கலே வேண்டாம் தம்பி. அந்த 1.5 ஆம்பியர், 100 வோல்ட்டில் ஓடும்போது வரக்கூடிய அதிகபட்சத்துக்கும் இடம் விட்டுப் போடுகிற அளவு. 230-இல் அவ்வளவு ஓடாது. கையேட்டில் மின் நுகர்வு என்று வாட்டில் போட்டிருப்பான், அதைப் பார். இல்லையென்றால் பிளக்கில் செருகுகிற வாட் மீட்டர் வாங்கி அளந்துவிடு, வாட்டும் விஏவும் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய அளவு) இரண்டுமே காட்டும். ஃபேடரை ஏற்றினாலும் இறக்கினாலும் மிக்சர் இழுப்பது பெரிதாக மாறாது. சில மைக்குகளுக்கு மிக்சரே வயர் வழியாகக் கொடுக்கிற 48 வோல்ட் ஃபாண்டம் போட்டாலும் மைக்குக்கு அரை வாட் தாண்டாது.

அம்பை_ரேடியோசெட்
சத்தத்துக்கு ஏற்ப இழுப்பது ஸ்பீக்கரை ஓட்டுகிற ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்)தான், அதை ஜெனரேட்டரிலேயே விடுங்கள். இரண்டு பக்கமும் தலா 500 வாட் தரும் ஏபி வகை ஆம்ப் என்றால் கிளிப் ஆகாமல் (சத்தம் உடையாமல்) ஓட்டுகிற சாதாரணப் பாட்டுக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 125 வாட் வெளியே போகும், அதற்கே சுமார் 450 வாட் உள்ளே இழுக்கும், மீதி எல்லாம் சூடு. வில்லுப்பாட்டில் இடையிடையே கதை சொல்கிறார்களே, அதற்கு இந்தக் கணக்கு போதும். நையாண்டி மேளமும் கணியான் மகுடமும் விடாமல் அடிக்கிற நேரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வைத்துப் பாருங்கள், உள்ளே இழுப்பது 750 வாட் பக்கம் வரும். ஜெனரேட்டர் 5 கேவிஏ என்றால் கையில் 4 கிலோவாட்தான், சீரியல் லைட்டுக்கும் அதிலேதான் பங்கு. கிளாம்ப் மீட்டர் வைத்திருந்தால் ஒரே வயரை மட்டும் கவ்வ வேண்டும், இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம்தான் காட்டும்.

நாங்குநேரி_மைக்செட்
வாட் மீட்டர் கிடைத்தது. மிக்சர் 48, ரிசீவர் நாலும் சேர்த்து 16, லேப்டாப் சார்ஜ் ஏறும்போது 62. அவ்வளவுதான்!

பாளை_ஒலி
மொத்தம் 126 வாட். 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் தாங்கும், தாராளம். பேட்டரி நன்றாக இருந்தால் ஜெனரேட்டர் மாற்றும் அந்தச் சில நிமிடங்களுக்கு ஓடிவிடும். லேப்டாப்பில் அதன் பேட்டரியே இருக்கிறது, அதை யூபிஎஸ்ஸில் போடாமலும் விடலாம். அனலாக் மிக்சர் வைத்திருப்பவர்கள் மட்டும் முன்னாலேயே ஓட்டிப் பாருங்கள், மலிவு யூபிஎஸ்ஸின் அலை சுத்தமாக இராது, டிரான்ஸ்பார்மர் வைத்த மிக்சரில் இரைச்சல் வரலாம்.

அம்பை_ரேடியோசெட்
இன்னொன்று, கரண்ட் போனதும் மிக்சரிலிருந்து ஆம்ப்புக்குப் போகிற மெயின் அவுட்டை மியூட் செய்துவிடுங்கள். மிக்சர் அணையாமல் இருப்பதால், ஆம்ப் திரும்ப எழும்போது திறந்திருக்கிற மைக் எல்லாம் ஒரேயடியாக ஸ்பீக்கரில் போய் விழும். ஆம்ப் நிலைத்தபிறகு மியூட்டை எடுங்கள்.